பெரிய டாக்டரின் மெஷின்

"பிள்ளை மல்லாக்கக் கிடக்காம்" என்று அய்யாத்துரை சொன்னதும், ஜெயினுலாப்தீன் அவர் பக்கமாகத் திரும்பினான். கையிலிருந்த பிளாஸ்க்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"மல்லாக்கன்னா?"

"மல்லாக்கன்னா மல்லாக்கத்தான். தலை கீழே வந்தாச்சு, அது சரியாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சி தாயோட முதுகுப் பக்கம் பார்க்கணுமாம். இது வயித்துப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்காம். மெஷின்ல அப்படித்தான் தெரியுதுன்னு டாக்டர் சொல்லுதாரு."

"திரும்பாதா அண்ணாச்சி?"

"திரும்புனா நார்மல். திரும்பலேன்னா..." அய்யாத்துரை மேற்கொண்டு பேசாமல் இரண்டு விரல்களைக் கத்தரிக்கோலாக்கி அந்தரத்தில் வெட்டிக் காட்டினார். தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர் அவர். நாள் முழுக்கத் தோலை வெட்டிய கை. அந்த வெட்டு அச்சு அசலாக இருந்தது. ஜெயினுலாப்தீன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

செம்பூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி. விடிந்ததிலிருந்து மெஹராஜ் உள்ளே வலியில் கிடந்தாள். வெளியே மூன்று பேர். தோல்பை தைக்கும் பட்டறைக்காரனான புருஷன் ஜெயினுலாப்தீன். பக்கத்துப் பட்டறைக்காரரும், பத்தாவது வரை படித்தவர் என்பதால் அந்தச் சந்துக்கே இங்கிலீஷ் பொறுப்பாளருமான அய்யாத்துரை. மூன்றாவதாக, பெஞ்சில் முக்காடு போட்டபடி, மேலப்பாளையத்திலிருந்து ரயிலேறி வந்திருந்த மாமியார் சைனப்.

அந்த வீட்டு வழக்கப்படி மாமியார் மருமகன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சாதாரண நாளிலேயே பேசாதவள், இப்போது கோபத்தில் வேறு இருந்தாள். பேச வேண்டியதையெல்லாம் அய்யாத்துரையிடம் சொன்னாள். கையெட்டும் தூரத்தில் நிற்கிற மருமகனுக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. இருந்தாலும் அய்யாத்துரை ஒவ்வொன்றையும் மறுபடி ஒருமுறை எடுத்துச் சொன்னார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர்.

"தம்பி, தலைச்சன் பிரசவம் தாய் வீட்டிலதான்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. கேட்டாவளா?"

"கேட்டீங்களான்னு கேக்காவ, பாய்."

ஜெயினுலாப்தீன் கேட்கவில்லைதான். "ஊர்ல என்ன இருக்கு? பம்பாயில வயித்துக்குள்ளே இருக்கிறதைப் படம் பிடிக்கிற மெஷின் வந்திருக்கு. பிள்ளை தானா வருமா, வயித்தை வெட்டித்தான் எடுக்கணுமான்னு முன்கூட்டியே சொல்லிரும்" என்று தபால் எழுதி மெஹராஜை நிறுத்திக்கொண்டவன் அவன்தான். பக்கத்து வீட்டு ரோஷன், தான் பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு மெஷின் வரப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவன் வேறு எதையும் காதில் வாங்கவில்லை.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனுடைய அக்கா ஹாஜராவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தபோது, வாசலில் இதேபோல் பிளாஸ்க்கோடு நின்றவன் அவன். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றே கடைசிவரை சொன்னார்கள். திடீரென்று ஆபரேஷன் என்றார்கள். அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. அக்கா திரும்பி வரவில்லை. முன்னாலேயே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே என்ற எண்ணம் அவனை அன்றிலிருந்து விடவே இல்லை. மெஹராஜ் சிரிக்கும்போதெல்லாம் அந்தப் பயம் அவனுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

இப்போது மெஷின் சொல்லிவிட்டது. தெரியாமல் நின்று பயந்தது போய், தெரிந்துகொண்டு நின்று பயப்படலாயிற்று. இதில் எது மேல் என்று அவனுக்கு விளங்கவில்லை.

உள்ளே நடப்பது, கதவு திறந்து மூடும்போது கொஞ்சம் தெரிந்தது. அறையின் குறுக்கே துணித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஹராஜும் பெண்களும். இந்தப் பக்கம் டெலிவிஷன் பெட்டிபோல் ஒரு மெஷினும், அதன் அருகில் வெள்ளைக் கோட்டும் டையுமாகப் பெரிய டாக்டரும். மெஷினிலிருந்து ஒரு வயர் தடுப்பைத் தாண்டிப் போயிற்று. அதன் நுனியைப் பிடித்து மெஹராஜின் வயிற்றில் வைத்து நகர்த்தும் வேலையை, பருத்திப் புடவையை இடுப்பில் செருகிய ஒரு நடுவயது மராத்திக்காரப் பெண் செய்துகொண்டிருந்தாள். தடுப்பின் இடுக்கு வழியாக அவளும் அடிக்கடி திரையைப் பார்த்துக்கொண்டாள். கோட்டுக்காரர் குமிழைத் திருகித் திருகி, "பாருங்கள், எவ்வளவு தெளிவு!" என்றார்.

ஜெயினுலாப்தீனுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. தாராவியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மெஷினில் இருப்பவன்தான் மாஸ்டர். தோலைப் பிடித்துக்கொடுப்பது, பசை தடவுவது, நூல் வெட்டுவதெல்லாம் கைவேலைக்காரர்களின் பாடு. ஆக, மெஷினருகில் நிற்பவர் பெரிய டாக்டர். வயரைப் பிடிப்பவள் கையாள். மாதாமாதம் மெஹராஜைக் கூட்டிவந்து காட்டியது ரோஷன். பொம்பளை ஆஸ்பத்திரி என்று அவன் படியேறியதே இல்லை. இன்றுதான் இந்த முகங்களையே பார்க்கிறான்.

அதிலும் ஒரு விஷயம் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"மாமிகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. ஆம்பளை டாக்டர்னு மனசுல வச்சுக்க வேண்டாம். தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்னு வைத்தியம் பார்க்காரு. பொம்பளை உடம்பைக் கண்ணால பார்க்கலை, கையால தொடலை. எல்லாம் மெஷின் வழியாத்தான்."

சைனப் முக்காட்டுக்குள்ளிருந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஊரிலிருந்து கிளம்பியது முதல் அவளுக்குத் திருப்தியளித்த முதல் விஷயம் இதுதான்.

"மரியாதப்பட்ட மனுசராத்தான் தெரியுது" என்றாள் அய்யாத்துரையிடம்.

"மரியாதப்பட்டவருன்னு சொல்லுதாவ, பாய்."

அந்த மரியாதைப்பட்டவர் நம் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுத்தால் நல்லது என்று ஜெயினுலாப்தீனுக்குத் தோன்றியது. பம்பாயில் கூடுதல் கவனம் வாங்குவது எப்படி என்பதும் அவனுக்குத் தெரியும். கையாள் வழியாகத்தான் போகவேண்டும். பருத்திப் புடவைக்காரி ஈரக் கையோடு வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்றான். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் கையில் திணித்தான்.

"தீதி, படா டாக்டர் சாப்கோ போலோ நா. மெஷின் பராபர் தேக்னே கா."

பெரிய டாக்டரிடம் சொல்லி மெஷினை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லுங்கள் என்பது அதன் பொருள். அவள் நோட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நோட்டை மடித்து அவன் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டு மராத்தியில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நிமிடம் வாட்ச்மேன் மூன்று பேரையும் கீழே இறக்கிவிட்டான்.

"பத்தலை போலிருக்கு" என்றார் அய்யாத்துரை, படியிறங்கிக்கொண்டே.

மாடிப்படிக்கு அடியில் கரண்டு மீட்டர்களும், ஓர் உடைந்த ஸ்ட்ரெச்சரும், ஒரு மர பெஞ்சும் கிடந்தன. மேலே நின்றபோது மெஹராஜின் முனகலாவது கேட்டது. இங்கே அதுவும் இல்லை. சத்தம் வந்தாலும் பயமாக இருந்தது. வராதபோது அதைவிடப் பயமாக இருந்தது. சைனப் கண்ணை மூடி உதட்டை அசைத்து ஓதத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கோட்டுக்காரரே இறங்கி வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி மருந்துக்கடைப் பக்கம் நடந்தார். ஜெயினுலாப்தீன் ஓடிப்போய் மறித்தான். அவர் இந்தியில் பேசினார். இடையிடையே வந்த இங்கிலீஷை அய்யாத்துரை பார்த்துக்கொண்டார்.

"சாப், ரிஸ்க் எதுவும் உண்டா?"

"ரிஸ்க்கா?" அவர் முகம் மலர்ந்தது. "இந்த மெஷின் இல்லாத ஆஸ்பத்திரியில்தான் ரிஸ்க். வலி எடுத்தபிறகு தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது, எல்லாம் இதில் தெரியும். நார்மலா, ஆபரேஷனா, முன்னாலேயே சொல்லிவிடலாம். விரலை வைத்துப் பார்த்துச் சொல்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது."

"ஒண்ணும் ஆகாதே சாப்? கியாரண்டியா?"

"ரெண்டு வருஷம்" என்றார் அவர் சட்டென்று.

ஜெயினுலாப்தீன் ஒரு கணம் குளிர்ந்து போனான். அடுத்த கணம் திடுக்கிட்டான். அவர் போனதும் அய்யாத்துரையின் தோளைப் பிடித்தான். "அண்ணாச்சி, ரெண்டு வருஷம்னா? அதுக்கு அப்புறம்?"

அய்யாத்துரை யோசித்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஒரு சந்தே நம்பிக்கொண்டிருக்கும்போது, தெரியாது என்று சொல்லிவிட முடியாது.

"ரெண்டு வருஷத்துல அடுத்த பிரசவம் வந்துரும்லா? அதுவரைக்கும்னு சொல்லுதாரு. கணக்காப் பேசுற டாக்டரு."

ஆறுதல் சொல்லிவிட்டு அவர் நகர்வதற்குள், மருந்துக்கடைத் தொலைபேசியில் கோட்டுக்காரர் பேசுவது கேட்டது. நல்ல சத்தமான இந்தி. இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

"இன்னும் முடியலை சார்... காலையிலிருந்து முட்டிப் பார்த்துட்டேன்... இல்லை சார், அந்தம்மா ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க... படமெல்லாம் காட்டியாச்சு... சாயங்காலத்துக்குள்ளே முடிக்கலேன்னா கதை முடிஞ்சுதுன்னு எனக்கும் தெரியும் சார்."

தொலைபேசியை வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் படியேறிப் போனார்.

ஜெயினுலாப்தீன் கேட்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தான். பெரிய டாக்டர் தனக்கு மேலே உள்ள இன்னும் பெரிய டாக்டரிடம் யோசனை கேட்கிறார். மெஹராஜ் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். சாயங்காலம்தான் கெடு.

"யா அல்லா" என்றாள் சைனப், அய்யாத்துரை விஷயத்தைத் தமிழில் சொன்னதும். "என் மவ எப்படித் தம்பி ஒத்துக்குவா? தாயைக் கீழே தள்ளிவிட்டுட்டு, அங்க தன்னந்தனியா அது என்னத்தைன்னு முடிவு பண்ணும்?"

அய்யாத்துரை முதன்முறையாக இதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஜெயினுலாப்தீனின் முகம் அப்படி இருந்தது.

"மேலே போகவும் விட மாட்டான். நம்மால என்னதான் அண்ணாச்சி செய்ய முடியும்?"

"ஆபரேஷன்னா ரத்தம் வேணும். அதைச் செய்வோம். நம்ம பயக எத்தனை பேரு இருக்கானுவ!"

அய்யாத்துரை தொலைபேசியை நோக்கிப் போனார். பட்டறைச் சந்து முனை டீக்கடைக்குப் போன் போட்டு, "ஜெயினு பாய்க்கு அவசரம். செம்பூருக்கு ரத்தம் வேணும். எல்லாரும் வாங்க" என்று கத்திவிட்டு வைத்தார். கடைக்காரர் அதைச் சந்துக்குள் போய்ச் சொன்னார். சந்து தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டது.

தோல் மூட்டை ஏற்றுகிற டெம்போ ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது, அதில் பாதிப்பேர் ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள். மீதிப்பேர் ரத்தம் பார்க்க வந்திருந்தார்கள். முதலில் குதித்த இசக்கியின் கையில் தோல் துளைக்கிற ஊசி இருந்தது.

"யாரு பாய் உங்க மேல கைவச்சது? ஆளை மட்டும் காட்டுங்க!"

"ஊசியை உள்ள வையில, மூதேவி! பிரசவம்ல!" என்றார் அய்யாத்துரை.

இசக்கி ஊசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு, ரத்தம் எடுப்பதானால் எந்தக் கையில் எடுப்பார்கள் என்று மெல்லக் கேட்டான். பதில் தெரிந்ததும் முகம் வெளுத்துப் பின்வரிசைக்குப் போய்விட்டான்.

சொல்யூஷன் பசையும் பச்சைத் தோலும் கலந்த வாடை மருந்துக்கடை வரை வீசியது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று வாட்ச்மேன் விரட்ட, மொத்தக் கூட்டமும் மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பலகையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அய்யாத்துரை ஒவ்வொருவரிடமும் ரத்த வகை கேட்டார். "நல்ல ரத்தம்தான்" என்றார்கள் எல்லோரும்.

உதவிக்கு ஆள் வந்தால் தைரியம் வரும் என்பார்கள். ஜெயினுலாப்தீனுக்கு நேர்மாறாக ஆயிற்று. இத்தனை பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, எதுவும் பேசாமல் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும், ஹாஜராவை எடுத்துப்போன அன்று வீட்டு வாசலில் கூடியிருந்த கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. எல்லோரையும் திரும்பிப் போகச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தான்.

அப்போதுதான் மேலேயிருந்து மெஹராஜ் அலறினாள்.

அது வலியில் முனகுகிற சத்தமில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கட்டடத்தையே பிளக்கிற கத்தல்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது அலறினால், யார், என்ன, எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. கை மெஷினில் மாட்டியிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தால் கை போய்விடும். முதல் காரியமாக மெயினை இழுக்க வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். வேலைக்குச் சேருகிற அன்றைக்கே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

"மெயினை இழு!" என்று இருபது தொண்டைகள் ஒன்றாகக் கத்தின.

மேலே மெஷின். மெஷினில் மெஹராஜ். அவள் அலறுகிறாள். ஜெயினுலாப்தீன் யோசிக்கவே இல்லை. அவன் கை தானாக மேலே போய், பலகையிலிருந்த பெரிய பிடியைப் பற்றிக் கீழே இழுத்தது.

மாடிப்படி விளக்கு அணைந்தது. மின்விசிறி தள்ளாடி நின்றது. மருந்துக்கடை ரேடியோ பாட்டின் நடுவில் நின்றுபோயிற்று. மேலே எதுவோ 'டப்'பென்று வெடித்தது. அதன்பின் ஒரு சத்தமும் இல்லை.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது ஜெயினுலாப்தீனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரசவம் நடக்கிற ஆஸ்பத்திரி. ஆபரேஷன் விளக்கு, மெஷின், எல்லாவற்றையும் அவனே அணைத்துவிட்டான்.

படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். கோட்டுக்காரர் ஓடி வந்தார். டை தோளில் கிடந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"போச்சு!" என்று அலறினார். "எல்லாம் போச்சு! நான் என்ன பதில் சொல்வேன்? யாருக்கு நான் பதில் சொல்வேன்?"

கடைசிப் படியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

டாக்டரே அழுகிறார்.

ஜெயினுலாப்தீன் நின்ற இடத்திலேயே தரையில் சரிந்தான். அழுகை வரவில்லை. அவளை ஊருக்கு அனுப்பியிருந்தால் இருந்திருப்பாள். அவள் போக ஆசைப்பட்டாள். என் பயத்துக்காக அவளை இங்கே பிடித்துவைத்தேன், என் கையாலேயே அணைத்தேன். இதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. கூட்டத்தில் காசிம் என்கிற தையல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அவன் தலையில் ஒரு கை வந்து படிந்தது.

"மாப்பிள்ளை" என்றாள் சைனப்.

நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து அவள் அவனை நேராக அழைத்தது இதுவே முதல் தடவை. முக்காடு நழுவியிருந்தது. அதை அவள் சரிசெய்யவில்லை.

"எந்திரிங்க மாப்பிள்ளை. நீங்க அவ மேல உள்ள உசுருலதான் எல்லாம் செஞ்சீங்க. எனக்குத் தெரியாதா? எந்திரிங்க. நாம ரெண்டு பேரும்தான் போய்ப் பார்க்கணும்."

அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்து எழுந்தான். முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவது படியை அந்தக் கால் மறுத்தது.

அந்த அமைதியில், மேலேயிருந்து ஒரு சத்தம். சன்னமாகத் தொடங்கி, ஓங்கி, கோபமாக.

குழந்தை அழுதது.

அய்யாத்துரை யார் கண்ணிலும் படாமல் மெயினை மேலே தள்ளினார். விளக்கு எரிந்தது. படியின் உச்சியில் ஓர் ஆயா வந்து நின்றாள். காலையிலிருந்து பிரசவ அறையை விட்டு வெளியே வராதவள். அவள் வாயைத் திறந்ததும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் வந்தது.

"மெஹராஜ் வீட்டாளுக யாரு? பொம்பளைப் பிள்ளை! தாயும் சொகம், பிள்ளையும் சொகம்!"

"ஆபரேஷனா?" என்று கேட்பதற்குள் ஜெயினுலாப்தீனின் குரல் உடைந்துவிட்டது.

"ஆபரேஷனாவது ஒண்ணாவது! மல்லாந்தமேனிக்கே முட்டி மோதி வந்துட்டா. கரண்டு வேற போய்த் தொலைஞ்சுது. சன்னலத் தொறந்துவிட்டு, வெளிச்சத்துலயே எடுத்தாச்சு. கண்ண முழிச்சு முகட்டைப் பார்த்துக்கிட்டுல்லா பிறந்திருக்கா! என் பேரு முப்பிடாதியம்மா. ரெண்டு மூணு பேரு மட்டும் மேல வாங்க."

மேலே போனதும் கதவின் பின்னாலிருந்து மெஹராஜின் களைத்த குரல் கேட்டது. "உம்மா, அவுக ஏதாச்சும் சாப்பிட்டாவளா?" அந்த ஒரு கேள்வியில் ஜெயினுலாப்தீன், கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கமில்லாமல் ஓவென்று அழுதான். முப்பிடாதியம்மாள் பிள்ளையைச் சைனப்பின் கையில் கொடுத்துவிட்டு, துணி எடுத்துவர உள்ளே போனாள்.

சைனப் தன் பையிலிருந்து தேன் குப்பியை எடுத்தாள். அவர்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பெயர். யார் சேனை வைக்கிறார்களோ அவர்களுடைய குணமும் கைராசியும் பிள்ளைக்கு அப்படியே வந்துவிடும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. பிள்ளைக்குச் சேனை வைக்கும் உரிமைக்காகவே அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. இந்தச் சேனையைத் தான் வைப்பதற்காகத்தான் சைனப் மேலப்பாளையத்திலிருந்து தேன் சுமந்து வந்திருந்தாள்.

ஆனால் அவள் குப்பியைத் திறக்கவில்லை. படியேறி, சோர்ந்துபோய் வந்துகொண்டிருந்த கோட்டுக்காரரைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, நான் வைக்கல. நம்ம பிள்ளைக்காகப் படியில உட்கார்ந்து அழுதாரே மனுசன், அவரு வைக்கட்டும். என் பேத்தியும் அந்த மாதிரி பெரிய டாக்டரா வரட்டும்."

ஜெயினுலாப்தீனுக்கு அந்த மாமியாரின் காலில் விழலாம் போலிருந்தது. ஓடிப்போய்க் கோட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அய்யாத்துரை தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அனைத்தையும் செலவழித்து விஷயத்தை விளக்கினார்.

"நானா? நான் எதற்கு?" என்று கோட்டுக்காரர் பின்வாங்கினார்.

"பெருந்தன்மையைப் பாருங்க அண்ணாச்சி!" என்றான் ஜெயினுலாப்தீன்.

பருத்திப் புடவைக்காரி அப்போதுதான் துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. குழந்தையைப் பார்த்துச் சிரித்தபடி அருகில் வந்தவளை ஜெயினுலாப்தீன் தடுத்தான்.

"தீதி, ஜரா ஸைட். சாப்கோ ஆனே தோ."

கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஐயா வரட்டும் என்றான். இப்போது எந்த வருத்தமும் இல்லாமல் மரியாதையாகத்தான் சொன்னான். அவள் புருவத்தை உயர்த்தினாள். பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து நின்றாள்.

கோட்டுக்காரருக்கு வேறு வழியில்லை. விரலைத் தேனில் தொட்டு, பிள்ளையின் நாக்கில் வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது. அவருக்கே கண் கலங்கிவிட்டது. கருகிய வாடை வந்துகொண்டிருந்த அறைக்குள் தன் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

"அல்ஹம்துலில்லா" என்றாள் சைனப். அய்யாத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயினுலாப்தீன் அன்று காலையிலிருந்து முதன்முறையாக மூச்சை முழுதாக இழுத்துவிட்டான்.

துணியோடு கதவருகில் வந்து நின்ற முப்பிடாதியம்மாள் தேன் குப்பியைப் பார்த்தாள். பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். அறைக்குள் போன கோட்டைப் பார்த்தாள். மோவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னய்யா கூத்து இது! பிள்ளைய எடுத்த டாக்டரம்மாவத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, மெஷின் விக்க வந்த ஆளு கையாலயா சேனை வச்சீய? அவரு போன மாசம் வரைக்கும் மிக்ஸி வித்துக்கிட்டுல்லா இருந்தாரு!"